ஹிந்தி தெரிந்தவளுக்கு மொழிபெயர்ப்பு

எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தால் முதலில் பதறுவது அக்கவுண்ட்ஸ் பிரிவுதான். அன்றைக்கு வந்த கடிதத்தில் அவர்கள் பதற ஒன்றுமில்லை. ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வரும் பெண் தமிழில்தான் பேசுவேன் என்கிறாள், தமிழ் தெரிந்த ஆசிரியர் ஒருவரை அனுப்பி வையுங்கள் என்று கேட்டிருந்தார்கள். தில்லியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளி என்றால் இப்படி ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஆஸ்பத்திரியில் ஊர் பேர் தெரியாத நோயாளி "அம்மா" என்று முனகினால்கூட எங்களுக்குத்தான் போன் வரும்.

பிரின்சிபால் ஸ்டாஃப் ரூமில் வந்து கடிதத்தைப் படித்தார். ஏதோ பஸ் விபத்து நஷ்டஈடு வழக்கு என்று நினைத்து இரண்டு பேர் ஆசையாகக் கையைத் தூக்கினார்கள். வகுப்புக்குப் போகாமல் ஒரு நாள் கழியுமே. குற்றம் சாட்டப்பட்டிருப்பது ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் ஒரு ஹெட் கான்ஸ்டபிளும் என்று அடுத்த வரியை வாசித்ததும், தூக்கிய கைகள் அப்படியே தலைமுடியைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டன. ஒருவருக்குத் தனக்கு பிளட் பிரஷர் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இன்னொருவருக்கு மச்சினர் கல்யாணம். எந்தத் தேதியில் என்று கேட்டால், கோர்ட் எந்தத் தேதி சொல்கிறதோ அந்தத் தேதியில். நான் அந்த நேரம் பார்த்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய டீயை வைத்துக்கொண்டு மறுப்புச் சொல்ல முடியவில்லை. நீதித்துறைக்கு நான் சேவை செய்யப் போன கதை இவ்வளவுதான்.

வீட்டில் சொன்னேன். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். என் கணவர் மத்திய சர்க்கார் ஆபீஸில் செக்‌ஷன் ஆபீசர். திருநெல்வேலிக்காரர், முப்பது வருஷமாகத் தில்லித் தண்ணீர் குடித்தும் அந்தப் பேச்சு மட்டும் கரையவில்லை.

"ஏட்டி, ஒனக்கு வேற சோலியே இல்லையா? பாஸ்போர்ட்டு ரினியூவல் வருதுல்லா? வெரிஃபிகேஷனுக்கு யாரு வருவான்? போலீஸ்காரன்தான வருவான்?"

"நான் சாட்சி இல்லை. அவள் சொல்வதை ஹிந்தியில் சொல்லப் போகிறேன், அவ்வளவுதான்" என்றேன்.

"அது ஒனக்குத் தெரியும். அவனுக்கு வெளங்குமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்து எத்தனை மாதம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வழக்கு இதுதான். சாட்சி சொல்ல வந்தவள் விழுப்புரம் பக்கத்துக்காரி. கல்யாணம் ஆனதும் தில்லிக்கு வந்தவள், துவாரகா பக்கத்தில் சொசைட்டி ஃபிளாட்டுகளில் வீட்டு வேலை செய்தாள். இங்கே வீட்டு வேலை செய்யும் நம் பெண்கள் வேலைக்குப் போகும் வீட்டைக் 'கோட்டி' என்பார்கள். அவளுக்கு ஆறு கோட்டி இருந்தது. அதில் ஒரு கோட்டியில் மேடத்தின் தங்க வளையல் காணாமல் போனது. மேடம் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதுவதெல்லாம் ஆள் பழக்கம் இல்லாதவர்கள் செய்கிற காரியம். அந்த ஏரியா இன்ஸ்பெக்டர் அவர்கள் சொசைட்டியின் தீபாவளி விருந்துக்கு வந்து பனீர் டிக்கா சாப்பிட்டுப் போகிறவர். ஒரு போன் போதுமானதாக இருந்தது.

இரண்டே இரண்டு கேள்வி என்று சொல்லி அழைத்துப் போனவளை மறுநாள் சாயங்காலம்தான் வெளியே விட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப்போவதில்லை; நானும் இதே ஊரில்தான் குடியிருக்கிறேன். ஒப்புக்கொள், ஒப்புக்கொள் என்று உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். பெண்களை விசாரிக்கும்போது கூட இருக்க வேண்டிய பெண் போலீஸ் அன்றைக்கு லீவாம். ஸ்டேஷன் கேமராவும் சொல்லிவைத்தது போல அன்றைக்கே ரிப்பேராம். மனிதர்களாவது பொய் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தலையைக் குனிவார்கள். நம் நாட்டு ஸ்டேஷன் கேமராக்களுக்கு அந்த வெட்கமும் கிடையாது.

அவள் நடக்க முடியாமல் வீட்டில் கிடந்த இரண்டொரு நாளில் வளையல் கிடைத்துவிட்டது. டிரை கிளீனிங்குக்குப் போன மேடத்தின் கோட்டுப் பையில் இருந்ததாம். மேடம் பெருந்தன்மையானவர். வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார்: வளையல் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம்.

இந்த மாதிரி சமாசாரங்கள் இத்தோடு முடிந்துவிடும். இது முடியாமல் போனதற்குக் காரணம், வெளியே விடுமுன் அவளைக் கொண்டுபோய்க் காட்டிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த ஒரு டாக்டர். கூட வந்த கான்ஸ்டபிள் என்ன சொன்னாரோ அதை எழுதாமல், தான் கண்ணால் பார்த்ததை எழுதிவிட்டார். வேலைக்குப் புதுசு போலிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு சட்ட உதவி மையத்து வக்கீல் ஒருத்தி மாஜிஸ்திரேட்டிடம் போனாள். டிபார்ட்மென்ட் தானே ஒரு விசாரணை நடத்தித் தன்மேல் தப்பில்லை என்று தனக்கே சர்ட்டிஃபிகேட் கொடுத்துக்கொண்டது. அதையும் தாண்டி வழக்கு விசாரணைக்கு வரச் சில வருஷங்கள் ஆயின. அதற்குள் இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆகி, சஸ்பெண்ட் ரத்தாகி, டிரெயினிங் ஸ்கூலில் போஸ்டிங்கும் வாங்கிவிட்டார். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு, பொதுமக்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று வகுப்பு எடுக்கிறாராம். இதை என்னிடம் சொன்னது அரசுத் தரப்பு வக்கீல். சொல்லிவிட்டு அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதல் நாள் கோர்ட் வராந்தாவில் அவளைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். சல்வார் கமீஸ், அதன் மேல் ஸ்வெட்டர், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "டீச்சரா? தமிழா?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரு, ஜட்ஜு கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. நான் வளையல எடுக்கல."

"அடித்ததைப் பற்றித்தானே கேட்பார்கள்?"

"அத அவங்க கேக்கட்டும். அவன் செயிலுக்குப் போனா என்னா, போவாட்டி என்னா, எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆறு கோட்டியும் போச்சு. கேட்டுல நின்னா வாட்ச்மேனு, அவதான் அந்தச் சோர்னு பக்கத்துல இருக்கறவன்கிட்ட சொல்றான். எம்மவ ஸ்கூல்லயும் சொல்லிக் காட்டறாங்க. நான் எடுக்கலன்னு கோர்ட்டு எழுதணும், அவ்ளோதான்."

சோர் என்றால் ஹிந்தியில் திருடன், திருடி எல்லாம். வளையல் கிடைத்த செய்தி அந்தக் கோட்டியோடு நின்றுவிட்டது. போலீஸ் பிடித்துப்போன செய்திதான் சொசைட்டி முழுக்கச் சுற்றியது.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்கு ஓர் உலக ஞானம் கிடைத்தது. ஒவ்வொரு கோர்ட்டிலும் கேஸ் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆட்களைக் கூப்பிடவும் ஒரு கான்ஸ்டபிள் இருப்பார். அவரை அனுப்புவது போலீஸ் டிபார்ட்மென்ட்தான். வாசலில் நின்று மற்ற வழக்குக்காரர்களை அவர் கூப்பிடுவது காய்கறி வண்டிக்காரர் கூவுகிற மாதிரி இருக்கும். எங்கள் வழக்கு வந்ததும் குரல் பட்டுத்துணி ஆகிவிட்டது. வெளியே போய், "ஜனாப், ஆ ஜாயியே" என்று அழைத்து வந்தார். தங்கள் மேலதிகாரிகளைத் தில்லி போலீஸ்காரர்கள் ஜனாப் என்றுதான் சொல்வார்கள். ஜனாப் வந்தார். சாதாரண பேண்ட் சட்டைதான், ஆனால் காலில் அந்தச் செம்மண் நிறப் போலீஸ் ஷூ, முகம் பார்க்கலாம் போல் பாலிஷ் போட்டது. வெளியே அவருக்கு நாற்காலியும் டீயும் வந்ததை நான் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் வரவில்லை, அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

கூண்டு என்று நாம் சொல்கிறோமே தவிர, அங்கே இருப்பது சுவரோரமாக ஒரு மரத்தடுப்பு. ஹெட் கான்ஸ்டபிள் அதற்குள் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலை அகட்டி விறைப்பாக நின்றார். இத்தனை வருஷம் அந்த இடத்தில் காவலுக்கு நின்ற பழக்கம். "நீங்க அக்யூஸ்ட், இந்தப் பக்கம் திரும்புங்க" என்று வாயால் சொல்ல அந்தக் கோர்ட் கான்ஸ்டபிளுக்கு மனசு வராமல், தோளைத் தொட்டு மெதுவாகத் திருப்பிவிட்டார். திரும்பிய வேகத்தில் அவர் ஜட்ஜுக்கு ஒரு சல்யூட் வைத்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கைக்குட்டையை எடுத்து இருமினேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் முதல் வேலையாக என் வயிற்றில் அடித்தார். "இந்தப் பெண் இருபது வருஷமாகத் தில்லியில் இருக்கிறாள். வேலை செய்த வீடெல்லாம் பஞ்சாபி வீடு. இவளுக்கு ஹிந்தி தெரியாதா? எதற்கு மொழிபெயர்ப்பு?" என்றார்.

நியாயமான கேள்விதான். வராந்தாவில் அவள் டீக்கடைக்காரரிடம் ஹிந்தியில் பேசியதை நானே கேட்டிருந்தேன். என் ஹிந்தியைவிட நன்றாக இருந்தது. என் ஹிந்தி தூர்தர்ஷன் செய்தி மாதிரி. அவளுடையது மண்டியில் பேரம் பேசுகிற ஹிந்தி. ஜட்ஜ் என்னைப் பார்த்து, ஏன் தமிழ் என்று அவளிடம் கேட்கச் சொன்னார்.

அவள் யோசிக்கவே இல்லை. "தெரியும் டீச்சரு. பாத்திரம் தேய்க்கத் தெரிஞ்சுக்கிட்டது. திட்டு வாங்கத் தெரிஞ்சுக்கிட்டது. அந்தப் பாசையில எனக்கு ஹாஞ்ஜி, ஹாஞ்ஜின்னுதான் வாயி வருது. இவன் எதுர்ல நின்னு அதுல பேசுனா ஹாஞ்ஜின்னு ஒத்துக்குவனோன்னு பயமாக்கீது."

ஹாஞ்ஜி என்றால் 'ஆமாங்க'. அதை அப்படியே ஹிந்தியில் சொன்னேன். மொழிபெயர்ப்பு தொடரட்டும் என்றார் ஜட்ஜ்.

அந்தக் கோர்ட்டில் வேலை நடக்கும் விதம் இப்படி. அவள் தமிழில் சொல்வாள். நான் ஹிந்தியில் சொல்வேன். ஜட்ஜ் அதை ஆங்கிலமாக்கி உரக்கச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் ஸ்டெனோ அதைக் கம்ப்யூட்டரில் அடிப்பார். ஜட்ஜ் வாயிலிருந்து வராத ஒரு சொல்லும் ஸ்டெனோவின் விரலுக்குப் போகாது. என் வாயிலிருந்து வராத ஒன்றும் ஜட்ஜின் காதுக்குப் போகாது. பாதி நேரம் ஜட்ஜ் அவளைப் பார்ப்பதே இல்லை, என்னைத்தான் பார்ப்பார். மூன்று பாத்திரம் மாற்றிய பால் மாதிரி, அவள் சொன்னது கடைசியில் போய்ச் சேரும்போது அளவு குறைந்திருக்கும். அவள் வாயில் "உயிரு போயிடுச்சு" என்பது ஆங்கிலத்தில் 'வலி ஏற்பட்டது' ஆகிவிடும்.

மொழிபெயர்ப்பவர் 'அவள்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றே சொல்ல வேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதனால், என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள், என் முழங்காலுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்தார், என் உள்ளங்காலில் அடித்தார்கள் என்று, பத்தாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்துகிற என் வாயால் நான் சொன்னேன். செருப்புக்குள் என் கால்விரல்கள் மடங்கிக்கொண்டன. மறுநாள் வகுப்பில் நிற்கும்போதுகூட அந்தக் கூச்சம் போகவில்லை. எனக்கு அதுவரை போலீஸ் மேல் பெரிய கோபமெல்லாம் கிடையாது, பயம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

ஒவ்வொரு பதிலின் முடிவிலும் அவள் "ஆனா நான் எடுக்கல" என்று சேர்த்துக்கொள்வாள். நானும் சேர்த்துச் சொல்வேன். ஜட்ஜ் கையை உயர்த்தி, "அது இங்கே தேவையில்லை" என்பார். ஸ்டெனோ சும்மா இருப்பார். நாலைந்து தரம் இப்படி ஆனதும் அரசுத் தரப்பு வக்கீலே எழுந்து எனக்கு விளக்கினார்: திருடினாளா இல்லையா என்பது கேள்வியே இல்லை, திருடியே இருந்தாலும் அடிக்கப் போலீஸுக்கு உரிமை கிடையாது, இந்த வழக்கு அடியைப் பற்றி மட்டும்தான். நல்ல சட்டம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இதை அவளிடம் தமிழில் சொன்னேன்.

"அப்போ அவங்களுக்கு எதுதான் தேவ?" என்றாள்.

அடுத்த தேதிக்கு முன்னால் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். ரொம்ப மரியாதை. ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சீனியர் சிட்டிசன் யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று விசாரிக்க வந்தாராம். யாரும் இல்லை என்றோம். என் கணவர் டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், கேட்காமலே ஆதார் கார்டும் காட்டினார். போகும்போது அந்த மனிதர் வாசலில் நின்று, "மேடம்தானே கோர்ட்டில் மத்ராஸி பேசுகிறவர்? ஜனாப் நமஸ்தே சொல்லச் சொன்னார்" என்றார். கதவைச் சாத்தியதும் என் கணவர், "நான் சொன்னேன்லா?" என்றார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு மட்டும் இறங்கிற்றா என்ன? ஆனாலும் அடுத்த தேதிக்குப் போனேன். நமஸ்தே சொல்லி அனுப்பினால் நின்றுவிடுவேன் என்று அந்த ஆள் நினைத்தானே, அந்த எரிச்சலில் போனேன்.

அன்று குறுக்கு விசாரணை. இன்ஸ்பெக்டர் தரப்பு நிலைப்பாடு என்னவென்றால், அவர் அந்தப் பெண்ணை வாழ்நாளில் பார்த்ததே இல்லை. முதல்முதலாகப் பார்ப்பதே கோர்ட்டில்தான். அப்படியானால் உள்ளங்கால் எப்படி வீங்கியது? வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்கள் உங்கள் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்ததை மறைக்கிறீர்கள். சரிதானே?"

தமிழ்ப் பேப்பர் படிக்கிறவர்களுக்கு இந்த பாத்ரூம் புதிதல்ல. நம் ஊர் ஸ்டேஷன்களில் பிடித்துப்போன ஆட்களெல்லாம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு போட்டோவுக்கு நிற்பார்கள். அந்த டைல்ஸ் தில்லிக்கும் சப்ளை ஆகியிருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"எந்த பாத்ரூமு? நாங்க இருக்கறது ஜுக்கி, குடிச. தெருக்கோடில சர்க்காரு கக்கூசு, அதுக்கு வரிசைல நிக்கணும். வழுக்கி வுழ எடமே கெடையாது டீச்சரு, அவ்ளோ கூட்டம்."

ஜட்ஜின் உதடு கொஞ்சம் அசைந்தது. பாத்ரூமே இல்லாத வீட்டில் அவளை வழுக்கி விழ வைத்துவிட்டோம் என்று தெரிந்ததும் வக்கீலுக்கு ரோஷம் வந்தது. "வளையலைத் திருடி மாட்டிக்கொண்டதால்தானே இந்தப் பொய் வழக்கு?" என்று பாய்ந்தார். ஜட்ஜ் உடனே, "திருட்டு இந்த வழக்கில் இல்லை. இந்தக் கேள்வியை அனுமதிக்க முடியாது" என்றார்.

வக்கீல் உட்கார்ந்தார். ஜட்ஜ் அவளுக்கு நல்லதுதான் செய்தார். ஆனால் கேள்வியைத் தள்ளியபோது பதிலையும் சேர்த்துத் தள்ளியது அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஹிந்தி தெரியுமே. என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் சாட்சி நிற்கும் இடத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்துவிட்டாள்.

"கேட்டுட்டான்ல? எல்லார் எதுர்லயும் கேட்டுட்டான்ல? பதில் சொல்ல வுடு! சொல்ல வுடுங்க!"

குரல் அந்த அறைக்குப் பெரியதாக இருந்தது. ஜட்ஜ் என்ன என்று என் பக்கம் திரும்புவதற்குள் சுவரோரத்திலிருந்து ஒரு விரல் சொடுக்கும் சத்தம் கேட்டது. கூடவே ஓர் அதட்டல்.

"ஏ! நீச்சே பைட்!"

கீழே உட்கார் என்று அர்த்தம். சொன்னது இன்ஸ்பெக்டர். எங்கே நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டார், பாவம். எத்தனை வருஷப் பழக்கம்! யாராவது ஏழை குரலை உயர்த்தினால் அந்த விரல் தானாகச் சொடுக்கும் போலிருக்கிறது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். யோசிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. இருந்த இடத்தில் அப்படியே குத்துக்காலிட்டு, இரண்டு கையையும் கோத்துப் பிடரியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து தரையைப் பார்த்தாள்.

கூண்டில் ஹெட் கான்ஸ்டபிளும் விறைப்பாகிவிட்டிருந்தார், அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பவர் போல. ஜட்ஜ் மெதுவாக இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"நீங்கள்தான் சொன்னீர்களா?"

"ஆதத் ஸே நிகல் கயா, ஸர்." பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது என்றார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

தரையில் கையைத் தலைக்குப் பின்னால் வைத்து ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்கும்படி ஜட்ஜ் என்னிடம் சொன்னார். நானும் அவள் பக்கத்தில் குனிந்து கேட்டேன். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "இப்பிடித்தான் குந்த வெச்சாங்க. கைய எறக்குனா அடி."

சொன்னேன். கோர்ட்டில் நடந்ததை ஜட்ஜ் ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் சொல்ல, ஸ்டெனோ அடித்தார். சொடுக்கியது, அதட்டியது, உட்கார்ந்தது, எல்லாம். இருக்கிற கேமராவையெல்லாம் ரிப்பேராக்கிவிட்டு வந்த மனிதர், ஜட்ஜுக்கு முன்னால் தானே ஒருமுறை நடித்துக் காட்டிவிட்டுப் போனார். நான் அவளைக் கையைப் பிடித்துத் தூக்கினேன். "எழுந்திரு, இது ஸ்டேஷன் இல்லை" என்றேன். அவளுக்கு நம்பச் சிறிது நேரம் பிடித்தது.

மேடமும் ஒரு தேதியில் சாட்சிக்கு வந்துபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தது லேசாக ஞாபகம் இருக்கிறதாம். வளையல் எப்போது, எங்கே கிடைத்தது என்பது ஞாபகம் இல்லையாம். கிடைத்ததா என்பதே சரியாக ஞாபகம் இல்லையாம். அவர் கையில் வளையல் இருந்ததா என்று அரசுத் தரப்பு வக்கீலிடம் கேட்டேன். கவனிக்கவில்லை என்றார்.

தீர்ப்பில் இரண்டு பேரும் குற்றவாளிகள் என்று முடிவானது. தண்டனை சொல்லும் நாளில் மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள், நஷ்டஈடு பற்றி அவளிடம் கேட்பதற்காக. இந்த முறை பிரின்சிபால் யாரையும் கேட்கவில்லை, நேராக என் பீரியடுகளை மாற்றிவிட்டார். அவள் சீக்கிரமே வந்து காத்திருந்தாள்.

"தீர்ப்புல எழுதியிருக்கா டீச்சரு?" என்றாள்.

அரசுத் தரப்பு வக்கீலிடம் தீர்ப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். ஜட்ஜ் நன்றாகத்தான் எழுதியிருந்தார். அடித்தது உண்மை, அடைத்து வைத்தது உண்மை, அந்தச் சொடுக்கு உண்மை. வளையல் பற்றி ஒரே வரி: அவள் அதை எடுத்தாளா என்பதற்குள் போக வேண்டிய அவசியம் இந்தக் கோர்ட்டுக்கு இல்லை.

"எழுதவில்லை" என்றேன். அவள் முந்தானை இல்லாத இடத்தில் முந்தானையைத் தேடுவது போல துப்பட்டாவை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே முதலில் இன்ஸ்பெக்டரைப் பேச விட்டார்கள். பேசினார், பேசினார், அழுதுகொண்டே பேசினார். வயதான அம்மா, சர்க்கரை வியாதி, வாங்கிய மெடல், கல்யாண வயதில் மகள். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை வருஷம் சம்பாதித்த பெயர் கெட்டுவிட்டதாம். தெருவில் தலை காட்ட முடியவில்லையாம். பிள்ளைகளை எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். என் பக்கத்தில் நின்றிருந்தவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிறகு ஜட்ஜ் அவள் பக்கம் திரும்பி, நஷ்டஈடு பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாளா என்று கேட்கச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முன்னால் போய் நின்றாள். இத்தனை தேதியில் முதல் தடவையாக, நேராக ஜட்ஜின் முகத்தைப் பார்த்து, ஹிந்தியில் சொன்னாள்.

"ஸாப், மைனே சோரி நஹீன் கீ."

ஐயா, நான் திருடவில்லை. அவ்வளவுதான். ஒரு ஹாஞ்ஜி இல்லை.

ஜட்ஜ் பழக்கப்படி என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறாள்?" என்றார்.

ஹிந்திக்காரரான ஜட்ஜுக்கு, ஹிந்தியில் சொன்னதை, தமிழச்சியான நான் மறுபடி ஹிந்தியிலேயே சொன்னேன். "ஸாப், நான் திருடவில்லை." அவள் குரலைவிட என் குரல் பலமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். ஜட்ஜ் அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்ல, ஸ்டெனோ அடித்துவிட்டார். அடித்த பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இது சம்பந்தமில்லாதது, நீக்க வேண்டும்" என்றார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். ஸ்கிரீனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ரஹ்னே தோ" என்றார். இருக்கட்டும், விடுங்கள் என்றார்.

தண்டனை மூன்று வருஷம். மூன்று வருஷத்துக்கு மேல் போகாத தண்டனை என்றால் அப்பீல் செய்யும்வரை அன்றைக்கே ஜாமீன் வாங்கிக்கொண்டு போகலாமாம். போனார்கள். கோர்ட் கான்ஸ்டபிள் ஜனாப்புக்கு வாசல்வரை வழி விலக்கிக் கொடுத்தார். கீழே ஒரு ஜீப்பில் சகாக்கள் காத்திருந்தார்கள். மாலை மட்டும் கொண்டுவரவில்லை, அதுவே ஒரு முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

உத்தரவின் நகல் கிடைத்ததும் அவள் என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தாள். அந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். விரலை வைத்து ஆங்கில எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, பொய்யான நம்பிக்கையோடு அவளை அனுப்பவும் கூடாது. "இதோ பார், நீ எடுக்கவில்லை என்று கோர்ட் சொல்லவில்லை. எடுக்கவில்லை என்று நீ சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறது. இதைக் காட்டினால் உன் கோட்டியெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று நினைக்காதே" என்றேன்.

அவள் தாளைப் பத்திரமாக மடித்துக்கொண்டாள்.

"தெரியும் டீச்சரு. அன்னிக்கு ஸ்டேசன்லயும் விடியவிடிய இதத்தான் சொன்னன். ஒருத்தனும் எழுதல."